ஆதரவற்றோரின் தந்தை ஜார்ஜ் முல்லர்

பெற்றோரை இழந்த பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறு இடுவது அறம். அப்பிள்ளையைத் தம் சொந்தப் பிள்ளையாகவே கருதி, கல்வி அளித்து, ஒரு தொழிலையும் கற்பித்து, உலகத்தார் முன் தலைநிமிர்ந்து நிற்கச் செய்வது அதனினும் பெரிய அறம். முதலாவதைச் செய்தோர் பலர். இரண்டாவதை, அதுவும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு, எவரிடமும் சென்று கைந்நீட்டாமல் செய்து முடித்த ஒருவரின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களுக்கும், பெற்றோர்க்கும், தோட்டத் தொழிலாளப் பெருமக்களுக்கும் எடுத்துரைக்க விழைகிறோம். இங்கிலாந்து நாட்டின் பிரிஸ்டல் நகரில் வாழ்ந்த ஜார்ஜ் முல்லர் என்பாரே அவர்.

முல்லர் கிறிஸ்தவ சமயத்தைச் சார்ந்தவர். நம்முள் பலர் பிற சமயங்களைச் சார்ந்தவர்கள். எனினும் அவருடைய தொண்டுக்கு வேராக இருந்தது அவர்தம் இறைநம்பிக்கையே. வேரை மறைத்துவிட்டு மரத்தைப் பற்றிப் பேசுதல் முறையன்று. ஆகவே அவர் நம்பியதையும் அந்நம்பிக்கையால் அவர் செய்ததையும் சேர்த்தே இங்கே கூறுவோம்.

தவறான பாதையில் சென்ற இளமை

முல்லர் 1805ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், இன்று ஜெர்மனியின் பகுதியாக விளங்கும் பிரஷ்யா நாட்டில், கிராப்பென்ஸ்டெட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அரசாங்கத்துக்கு வரி தண்டும் அலுவலர். பிள்ளைகள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே செலவு செய்யாமல் இருக்கப் பழக வேண்டும் என்று கருதிய அவர், சிறுவயதிலேயே அவர்களிடம் தாராளமாகப் பணம் கொடுத்தார். சிறுவன் முல்லரோ அதைச் செலவழித்துவிட்டு, தந்தையார் கணக்குக் கேட்டபோது பொய்க்கணக்குக் காட்டினான். பத்து வயது நிரம்புமுன்னரே, தந்தையாரிடம் இருந்த அரசாங்கப் பணத்தையும் திருடத் தொடங்கிவிட்டான்.

பதினான்கு வயதில் தாயார் இறந்தார். தாயார் நோயுற்றிருந்ததைக்கூட அறியாமல், அந்த இரவில் அவன் நண்பர்களோடு சீட்டாடிக்கொண்டிருந்தான். அத்துயரமும் அவனைத் திருத்தவில்லை. பதினாறாம் வயதில், விடுதிகளில் தங்கி உண்டுவிட்டுப் பணம் செலுத்தாத குற்றத்திற்காகச் சிறையில் அடைக்கப்பட்டான். 1821ஆம் ஆண்டு டிசம்பரில் உள்ளே சென்றவன், தந்தையார் கடனைச் செலுத்திய பிறகு, மறு ஆண்டு ஜனவரியில்தான் வெளியே வந்தான்.

இளமையில் தவறிய பிள்ளையை, இவன் எதற்கும் உதவான் என்று முடிவு கட்டிவிடுதல் எளிது. பொய்க்கணக்கு எழுதிய அந்தச் சிறுவனே, பின்னாளில் ஏழைகளுக்கென வந்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கெழுதி ஊரறிய அச்சிட்டு வெளியிட்டார் என்பதை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

மனமாற்றம்

1825ஆம் ஆண்டு முல்லர் ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் சமயக் கல்வி பயிலச் சேர்ந்தார். இறைபக்தியால் அவர் அக்கல்வியைத் தேர்ந்தெடுக்கவில்லை. சமய குருவானால் வசதியாக வாழலாம் என்பதே அவர் எண்ணம். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் ஒரு நாள் மாலை, நண்பர் ஒருவர் அவரை ஒரு வணிகரின் இல்லத்தில் நடைபெற்ற வழிபாட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒருவர் முழந்தாளிட்டு இறைவனை வேண்டினார். முழந்தாளிட்டு வேண்டுவோரை முல்லர் அதுவரை கண்டதில்லை. அக்காட்சி அவர் உள்ளத்தை உருக்கியது. இருபது வயது இளைஞராகிய அவர் அன்று முதல் புதிய மனிதரானார்.

சமயப் பணிக்குத் தம்மை ஒப்படைக்க அவர் விரும்பியதைத் தந்தையார் ஏற்கவில்லை. தந்தையாரின் விருப்பத்துக்கு மாறாக நடக்கும்போது அவர் பணத்தைப் பெறுவது முறையன்று என்று கருதிய முல்லர், அது முதல் தாமே உழைத்துப் படிக்கத் தொடங்கினார். அமெரிக்கப் பேராசிரியர் சிலருக்கு ஜெர்மன் மொழி கற்பித்து அவ்வருவாயில் கல்வியைத் தொடர்ந்தார்.

ஹாலே நகரில் அவர் இரண்டு மாத காலம் ஏழை மாணவர்களுக்கான இலவச விடுதியில் தங்கியிருந்தார். அவ்விடுதி, பிராங்கே என்னும் பெரியார் 1690களில் தொடங்கிய அனாதை இல்லத்தைச் சார்ந்தது. ஹாலே என்னும் பெயர் தமிழராகிய நமக்கும் அயலானதன்று. பிராங்கேயிடம் பயின்ற சீகன்பால்கு என்பவரே 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்று, பள்ளிகளும் அச்சகமும் நிறுவியவர். அவ்வச்சகத்துக்கு வேண்டிய தமிழ் எழுத்துகள் ஹாலே நகரில் வார்க்கப்பட்டுக் கப்பலேறி வந்தன. தமிழுக்கு அச்செழுத்து வார்த்துக் கொடுத்த அதே நகரில்தான், முல்லரின் உள்ளத்திலும் அனாதை இல்லம் என்னும் எண்ணத்துக்கு வித்து விழுந்தது.

இங்கிலாந்து வாழ்க்கை

1829ஆம் ஆண்டில் முல்லர் இலண்டன் மாநகர் வந்து சேர்ந்தார். உடல்நலம் குன்றியதால் தெற்குக் கடற்கரைப் பகுதிக்குச் சென்றார். மறு ஆண்டு டின்மத் என்னும் ஊரில் ஒரு சிறு திருச்சபைக்குப் போதகரானார். 1830ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மேரி குரோவ்ஸ் என்னும் நங்கையை மணந்தார். மேரியின் தமையனார் நல்ல வருவாயுள்ள பல் மருத்துவராக இருந்தவர். அத்தொழிலைத் துறந்து சமயப் பணிக்குச் சென்று, பின்னர்ச் சென்னையிலும் சித்தூரிலும் பணியாற்றினார். அவருடைய துறவு முல்லரின் உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்தது.

அக்காலத்து ஆலயங்களில் இருக்கைகளுக்கு வாடகை வாங்கும் வழக்கம் இருந்தது. பணமுள்ளோர் நல்ல இருக்கைகளில் அமர்வர். ஏழையர் எஞ்சிய இடத்தில் ஒதுங்குவர். போதகரின் ஊதியமும் அவ்வாடகையிலிருந்தே வந்தது. இறைவனின் சந்நிதியில் செல்வருக்கு ஓரிடம், வறியவருக்கு வேறிடமா என்று முல்லர் வருந்தினார். இருக்கை வாடகையை நிறுத்தினார்; அதனோடு தம் ஊதியத்தையும் துறந்தார். விரும்பியவர் விரும்பியதை இடும்படி ஒரு பெட்டியை மட்டும் வைத்தார். அன்று முதல் அறுபத்தேழு ஆண்டுகள், தம் உயிர் பிரியும் வரை, அவர் ஊதியம் என்று எதனையும் பெறவில்லை.

1832ஆம் ஆண்டு அவர் பிரிஸ்டல் நகரில் குடியேறினார். அவ்வாண்டு அந்நகரில் வாந்திபேதி நோய் பரவிப் பலரைக் கொண்டு சென்றது. ஆதரவிழந்த பிள்ளைகள் தெருக்களில் பிச்சையெடுப்பதை அவர் அன்றாடம் கண்டார். 1834ஆம் ஆண்டு பள்ளிகள் நடத்துவதற்கும், வேதநூல் வழங்குவதற்கும், சமயப் பணியாளர்களுக்கு உதவுவதற்கும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 1835ஆம் ஆண்டில் அவருடைய ஒரே மகன் ஒன்றரை வயது நிரம்புமுன் இறந்தான். அவ்வாண்டின் இறுதியில் பிராங்கேயின் வரலாற்றைப் படித்தபோது, அனாதை இல்லம் அமைக்க வேண்டும் என்ற உறுதி அவருக்குப் பிறந்தது.

முதல் இல்லம்

அனாதைகளுக்கு உதவுவது அவர் நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதற்கும் மேலான ஒரு நோக்கம் அவருக்கு இருந்தது. இறைவன் உண்மையுள்ளவர், நம்பி வேண்டுவோரைக் கைவிடார் என்பதை எளிய மக்கள் கண்ணாரக் காண வேண்டும் என்று அவர் விரும்பினார். அதன் பொருட்டு இரண்டு விதிகளை வகுத்துக்கொண்டார். எந்த மனிதரிடமும் பணம் கேட்பதில்லை என்பது ஒன்று. கடன் வாங்குவதில்லை என்பது மற்றொன்று.

1835ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு கூட்டம் கூட்டித் தம் திட்டத்தை அறிவித்தார். நன்கொடை திரட்டவில்லை. ஆயினும் மக்கள் தாமாகவே தட்டுகளும் குவளைகளும் துணிமணிகளும் கொண்டுவந்தனர். கொடுத்தவர்களுள் ஒருவர் நோயாளியான ஏழைத் தையற்காரப் பெண். வாரம் முழுவதும் தைத்தாலும் சில ஷில்லிங்குகளே அவருக்குக் கிட்டும். அவருக்குக் குடும்பச் சொத்தில் 480 பவுண்டு பங்கு வந்தது. தந்தையார் விட்டுச்சென்ற கடனை அவர் தீர்த்தார். தாயாருக்கு 100 பவுண்டு கொடுத்தார். அனாதை இல்லத்துக்கும் 100 பவுண்டு கொண்டுவந்தார். முல்லர் அதை உடனே பெற்றுக்கொள்ளவில்லை. உணர்ச்சி வேகத்தில் கொடுக்கிறாரோ, பின்னர் வருந்துவாரோ என்று பலவாறு கேட்டுத் தெளிந்த பின்னரே பெற்றுக்கொண்டார். பணம் வேண்டியிருந்த வேளையிலும் ஏழையின் நலத்தை முதலில் எண்ணிய பண்பு இது.

பணமும் வீடும் பணியாளரும் கிடைத்துவிட்டனர். 1836ஆம் ஆண்டு பிப்ரவரியில், பிள்ளைகளைச் சேர்க்க விண்ணப்பம் பெறுவதற்கென ஒரு நாளைக் குறித்துக் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை! எல்லாவற்றுக்கும் இறைவனை வேண்டிய தாம், பிள்ளைகளை அனுப்புமாறு வேண்டவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. அன்றிரவு அதற்காக வேண்டினார். மறுநாளே முதல் விண்ணப்பம் வந்தது. தொடர்ந்து பல வந்தன. ஏப்ரல் 11ஆம் நாள் வில்சன் தெருவில் 30 பெண்பிள்ளைகளுக்கான இல்லம் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அதே தெருவில் நான்கு வீடுகள் அனாதை இல்லங்களாயின.

அந்நாளில் பல அனாதை இல்லங்களில் இடம் பெறுவதற்கு, நன்கொடையாளர்களின் வாக்குகளைத் திரட்ட வேண்டியிருந்தது. செல்வாக்குள்ள உறவினர் இல்லாத பிள்ளை வெளியே நிற்க வேண்டியதுதான். முல்லரின் இல்லத்தில் பரிந்துரையோ, வாக்கோ, கட்டணமோ தேவைப்படவில்லை. தாய் தந்தை இருவரையும் இழந்த ஏழைப் பிள்ளையாக இருந்தால் போதும். விண்ணப்பித்த வரிசைப்படி இடம் கிடைத்தது. முறையான மணத்தில் பிறந்த பிள்ளைகளையே சேர்த்தனர் என்பது அவர் காலத்தின் குறை. அதையும் மறைக்காமல் கூறுதல் நம் கடமை.

சோதனைக் காலம்

1838ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பெருஞ்சோதனை வந்தது. கையிருப்பு முற்றும் தீர்ந்தது. முல்லர் வெளியார் எவரிடமும் நிலைமையைக் கூறவில்லை. இல்லப் பணியாளர்களை மட்டும் அழைத்துக் கூறினார். அவர்கள் தங்கள் கையில் இருந்ததைக் கொடுத்தனர். எல்லோரும் சேர்ந்து வேண்டினர். அன்றாடத் தேவைக்கு அன்றன்று பொருள் வந்தது. ஒருநாள், இலண்டன் பக்கத்திலிருந்து வந்த பெண்மணி ஒருவர் மூன்று பவுண்டுக்கு மேற்பட்ட தொகையைக் கொணர்ந்து கொடுத்தார். அவர் இல்லத்துக்கு அடுத்த வீட்டிலேயே சில நாளாகத் தங்கியிருந்தவர். தாம் கவலையுற்றிருந்த நாள்களிலெல்லாம் உதவி அடுத்த வீட்டிலேயே காத்திருந்ததை அறிந்து முல்லர் இறைவனுக்கு நன்றி கூறினார்.

இவ்வாறான ஆண்டுகளிலும் பிள்ளைகள் பட்டினி கிடந்ததில்லை. கடைக்காரரிடம் கடன் சொன்னதுமில்லை. கையில் பணமில்லையெனில் பொருள் வாங்குவதில்லை என்பது அவர் பிடித்த பிடி.

ஆஷ்லி டவுனில் ஐந்து மாளிகைகள்

1845ஆம் ஆண்டு வில்சன் தெருவாசி ஒருவர் முல்லருக்கு மடல் எழுதினார். பிள்ளைகள் விளையாடும் ஓசை அண்டை வீட்டாருக்குத் தொல்லையாக இருப்பதை அவர் பணிவுடன் சுட்டிக்காட்டியிருந்தார். முல்லர் சினங்கொள்ளவில்லை. அதிலிருந்த நியாயத்தை ஒப்புக்கொண்டார். பிள்ளைகள் ஓடியாடவும் தோட்டம் போடவும் இடம் வேண்டும் என்பதையும் உணர்ந்தார். நகருக்கு வெளியே ஆஷ்லி டவுன் என்னும் மேட்டுநிலத்தில் ஏறத்தாழ ஏழு ஏக்கர் நிலம் விலைக்கு இருந்தது. ஏக்கருக்கு 200 பவுண்டு கேட்ட உரிமையாளர், இரவில் உறக்கமின்றிச் சிந்தித்து, 120 பவுண்டுக்கே கொடுக்க முன்வந்தார்.

பணம் சேரும் வரை காத்திருந்தே கட்டடம் எழுப்பினார். 1849ஆம் ஆண்டு ஜூன் மாதம் 300 பிள்ளைகளுக்கான முதல் மாளிகை திறக்கப்பட்டது. 1857, 1862, 1868, 1870 ஆகிய ஆண்டுகளில் மற்ற நான்கும் திறக்கப்பட்டன. ஐந்திலும் சேர்த்து 2,050 பிள்ளைகள் தங்க இடமிருந்தது. கட்டடங்களுக்கான செலவு ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியது. முப்பது பிள்ளைகளோடு தொடங்கிய இல்லம் முப்பத்து நான்கே ஆண்டுகளில் இவ்வாறு ஓங்கியது.

1857ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். முதல் மாளிகையைச் சூடாக்கும் கொதிகலன் ஒழுகத் தொடங்கியது. செங்கல் சுவரை உடைத்துத்தான் பழுது பார்க்க வேண்டும். அதற்குள் நெருப்பை அணைத்தால் சிறு குழந்தைகள் குளிரில் நடுங்குவர். பழுதுபார்க்க நாள் குறித்த பின்னர், கடுங்குளிர் வாடைக்காற்று வேறு வீசத் தொடங்கியது. முல்லர் இரண்டை வேண்டினார்: தென்றல் வீச வேண்டும், தொழிலாளருக்கு வேலையில் ஊக்கம் பிறக்க வேண்டும். குறித்த நாளில் காற்று தென்திசைக்கு மாறியது. நெருப்பின்றியே வீட்டில் குளிர் தெரியவில்லை. மாலையில், இரவு நெடுநேரம் வேலை செய்யலாமா என்று மேலாளர் கேட்டதற்கு, இரவு முழுவதும் உழைக்கவே விரும்புவதாகத் தொழிலாளர் கூறினர். முப்பது மணி நேரத்தில் கொதிகலன் சீராயிற்று. காற்றை மாற்றியது இறையருள் என்றார் முல்லர். பெயர் தெரியாத அத்தொழிலாளர்கள் உறக்கமின்றி உழைத்ததையும் அவர் தம் குறிப்பில் எழுத மறக்கவில்லை.

கல்விக்கு எழுந்த எதிர்ப்பு

முல்லரின் தொண்டில் நம் தோட்டப்புற மக்கள் ஆழ்ந்து எண்ண வேண்டிய பகுதி இதுவே. அவர் தம் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் மட்டும் கொடுத்து நிறுத்திக்கொள்ளவில்லை. எழுத்து, வாசிப்பு, கணக்கு, இலக்கணம், வரலாறு, பூகோளம், இசை ஆகியவற்றைக் கற்பித்தார். கல்வித் தரத்தைச் சோதிக்கத் தமக்கென ஓர் ஆய்வாளரையும் நியமித்தார். பெண்பிள்ளைகள் தையலும் வீட்டு நிர்வாகமும் கற்றனர். ஆண்பிள்ளைகளும் படுக்கையைச் செம்மை செய்யவும், தம் காலுறையைத் தாமே பின்னவும் பழகினர். ஆண்பிள்ளைகள் பதினான்கு வயதளவில் தொழில் பயில அனுப்பப்பட்டனர். பெண்பிள்ளைகள் பெரும்பாலும் பதினேழு வயது வரை இல்லத்தில் இருந்தனர். விடைபெறும் ஒவ்வொருவருக்கும் மாற்றுடைகளும், அவற்றை வைக்க ஒரு பெட்டியும், வேதநூலும் கொடுக்கப்பட்டன. வெறுங்கையோடு எவரும் வாசலைக் கடக்கவில்லை.

இதனைக் கண்டு சிலர் முகஞ்சுளித்தனர். ஏழைப் பிள்ளைகளை அவர்கள் பிறந்த நிலைக்கு மேல் முல்லர் உயர்த்துகிறார் என்று குறை கூறினர். ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் ஆள் கிடைக்காமல் செய்கிறார் என்றும் முணுமுணுத்தனர். அனாதைப் பிள்ளை என்றால் சிறுவயதிலேயே ஆலைக்குள் நுழைந்து குறைந்த கூலிக்கு உழைக்க வேண்டும் என்பது அவர்தம் எண்ணம் போலும்! முல்லர் அவர்களோடு வாதிடுவதில் காலங்கழிக்கவில்லை; மேலும் பல பிள்ளைகளைச் சேர்த்தார். அனாதை இல்லங்களோடு அவர் நிறுவிய அல்லது ஆதரித்த பள்ளிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கல்வி பெற்றனர்.

வந்த பணத்துக்கு அவர் வைத்த கணக்கும் போற்றத்தக்கது. சிறிய காசாயினும் பெரிய தொகையாயினும் கொடுத்தவருக்குப் பற்றுச்சீட்டு உண்டு. ஆண்டுதோறும் அறிக்கை அச்சாகும். கொடுத்தவர் பெயர் மட்டும் அதில் இராது. ஏழையின் சிறு காணிக்கை செல்வரின் கொடைக்கு முன் நாணி நிற்கலாகாது என்பதும், கொடை புகழுக்காக ஆகலாகாது என்பதும் அதனால் நிறைவேறின. சார்ல்ஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழ் 1857ஆம் ஆண்டில் அவ்வில்லங்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது.

துணைவியாரும் இறுதிக் காலமும்

இத்தொண்டில் மேரி அம்மையாரின் பங்கு பெரிது. பிள்ளைகளின் துணிகளையும் படுக்கைகளையும் தேர்ந்து வாங்கியவர் அவர். கணக்குப் புத்தகங்களைச் சரிபார்த்தவரும் அவரே. ஐந்தாம் மாளிகை திறந்து ஒரு மாதம் கழிந்த நிலையில், 1870ஆம் ஆண்டு பிப்ரவரியில், அவர் இறந்தார். நூற்றுக்கணக்கான அனாதைப் பிள்ளைகள் அவர் இறுதி ஊர்வலத்தில் நடந்து சென்றனர்.

மறு ஆண்டு முல்லர் சூசன்னா சாங்கர் என்பாரை மணந்தார். எழுபதாம் வயதில் பலர் ஓய்வை நாடுவர். முல்லரோ அவ்வயதில் பயணம் தொடங்கினார். 1875ஆம் ஆண்டு முதல் 1892ஆம் ஆண்டு வரை, இந்தியா உட்பட 42 நாடுகளுக்கு, ஏறத்தாழ இரண்டு லட்சம் மைல் சென்று உரையாற்றினார். இல்லப் பொறுப்பை மருமகனார் ஜேம்ஸ் ரைட் கவனித்துக்கொண்டார்.

1898ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் காலை, தொண்ணூற்றிரண்டாம் வயதில், முல்லர் இயற்கை எய்தினார். இறுதி நாளன்று பிரிஸ்டல் நகரமே திரண்டது. அவர் வாழ்நாளில் அவ்வில்லங்களில் வளர்ந்த பிள்ளைகள் 10,024 பேர். அவர் கைவழியே சென்ற தொகை ஏறத்தாழ 15 லட்சம் பவுண்டு. தமக்கென அன்பர்கள் கொடுத்ததிலும் 81,000 பவுண்டுக்கு மேல் அறப்பணிக்கே அளித்துவிட்டார். இறந்தபோது, வீட்டுப் பொருள்களும் நூல்களும் உட்பட, அவருடைய உடைமை 170 பவுண்டுக்கும் குறைவே.

ஐந்து மாளிகைகளும் இன்றும் நிற்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெரிய இல்லங்களை விடுத்து, சிறு குடும்ப இல்லங்களில் பிள்ளைகளை வளர்க்கும் முறைக்கு நிறுவனம் மாறியது. காலம் மாறினால் உதவும் முறையும் மாறத்தான் வேண்டும்.

நாம் கொள்ள வேண்டியவை

மாணவச் செல்வங்களே! இளமையில் ஒருமுறை தவறியவர் என்றும் தாழ்ந்தவராகிவிடார் என்பதற்கு முல்லரின் வாழ்வே சான்று. பொய்க்கணக்கை விட்டு மெய்க்கணக்குக்கு வருவதற்கு எந்த வயதும் காலங்கடந்ததன்று.

பெற்றோர்களே! தொழிலாளப் பெருமக்களே! நம் வரிசை வீடுகளிலும் குடியிருப்புகளிலும் தாயை இழந்த பிள்ளையும் தந்தையை இழந்த பிள்ளையும் இருக்கக்கூடும். அப்பிள்ளைக்கு ஒரு பிடி சோறு கொடுக்க நம்மவர் தயங்குவதில்லை. அது நம் இரத்தத்தில் ஊறிய பண்பு. ஆயினும் அத்தோடு நின்றுவிடலாகாது. அப்பிள்ளை நாள்தோறும் பள்ளிக்கு வருகின்றானா, புத்தகமும் காலணியும் உண்டா, ஆறாம் ஆண்டு முடிந்ததும் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகச் சொல்லும் நிலை வருமா என்பதையும் நாம் கேட்டறிய வேண்டும். இதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. வாரம் சில ஷில்லிங் ஈட்டிய அந்தத் தையற்காரப் பெண்ணின் உள்ளம் இருந்தால் போதும். ஏழைப் பிள்ளை பிறந்த நிலையிலேயே இருக்கட்டும் என்று சொல்வோர் எக்காலத்திலும் உண்டு. அவர்களுக்கு முல்லர் கொடுத்த விடையையே நாமும் கொடுப்போம்: இன்னும் ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வருவோம்.